தூக்கணாங்குருவி தரும் படிப்பினை

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் ஜும்ஆத் தொழுகையை நிறைவேற்றிவிட்டுப் பள்ளிவாசலுக்கு வெளியே வந்தோம். புது வீடு கட்டிக் குடியேறவிருந்த ஓர் இளைஞர், கையில் ஒரு தூக்கணாங்குருவிக் கூட்டுடன் நம்மை அணுகினார். "ஹஜ்ரத், இதைத் தலைவாசலில் அழகுக்காகத் தொங்கவிடலாமென்று எடுத்து வந்தேன். வெறுங்கூடுதான், உள்ளே முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. இது குற்றமாகுமா?" என்று வினவினார்.

கூட்டை வாங்கிப் பார்த்தோம். நாரின் பசுமை இன்னும் மாறவில்லை. கீழ்நோக்கித் தொங்கும் நுழைவாயிற் குழலும் இல்லை. கவிழ்த்து வைத்த தலைக்கவசம் போன்ற அரைக்கூடு அது. "தம்பி, இது கைவிடப்பட்ட கூடன்று, கட்டி முடிக்கப்படாத கூடு" என்றோம். இளைஞர் திகைத்து நின்றார்.

கேள்வி சிறியதுதான். ஆயினும் அதற்குச் சரியான விடை கூற, சட்ட நூல்களைக் கற்றிருந்தால் மட்டும் போதாது. அந்தச் சிற்றுயிர் எவ்வாறு வாழ்கிறது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். அதை நமக்கு அறியத் தந்தவர் யார்?

பம்பாய் நகரில் 1896-ஆம் ஆண்டு ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சாலிம் அலீ அவர்களே அவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து மாமனின் ஆதரவில் வளர்ந்த அச்சிறுவர், ஒரு நாள் தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறத்தைக் கண்டு வியந்தார். அது என்ன பறவையென அறிய, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிற்படியை மிதித்தார். அந்த ஒரு வினாவே அவரது வாழ்நாட் பணிக்கு வித்தாயிற்று. பின்னாளில் ஜெர்மனி சென்று பறவையியல் பயின்று திரும்பிய அவருக்கு வேலை கிடைக்கவில்லை. 1930-இல் பம்பாய்க்கு எதிர்க்கரையிலுள்ள கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கியிருந்தார். வருவாயற்ற அந்த நாட்களை அவர் வீணாக்கவில்லை. வீட்டின் அருகே கூடு கட்டிக் கொண்டிருந்த தூக்கணாங்குருவிகளைப் பொறுமையுடன் உற்று நோக்கினார். தாம் கண்டவற்றை 1931-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

அவர் கண்டது என்ன? கூட்டைக் கட்டுவது ஆண் குருவி. அது கூட்டைப் பாதியளவு கட்டியதும் நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் குரல் கொடுத்துப் பெண் குருவியை அழைக்கிறது. பெண் குருவி வந்து கூட்டைச் சோதித்துப் பார்க்கிறது. அதற்கு மனநிறைவு ஏற்பட்டால் மட்டுமே இணை சேருகிறது. அதன் பின்னரே ஆண் குருவி எஞ்சிய பகுதியையும் நுழைவாயிற் குழலையும் கட்டி முடிக்கிறது. பின்பு அது வேறொரு கூட்டைத் தொடங்கி மற்றொரு துணையை அழைக்கச் சென்றுவிடுகிறது. ஆகவே, நம் கண்ணுக்கு வெறுங்கூடாகத் தோன்றுவது, ஒரு குடும்பம் குடியேறக் காத்திருக்கும் வீடாக இருக்கலாம் அல்லவா?

அந்த உழைப்பைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பனையோலையிலிருந்தும், நெற்பயிரின் தாளிலிருந்தும், நீண்ட புல்லிலிருந்தும் ஓரடி, இரண்டடி நீளமுள்ள நாரை அலகினால் கிழித்தெடுத்து, பின்னி முடிச்சிடுகிறது. ஒரு கூட்டை முடிக்க ஏறக்குறைய 18 நாட்கள் ஆகின்றன. அதற்காக 500 முறை வரை பறந்து சென்று திரும்புகிறது. களிமண்ணையும் கொணர்ந்து உள்ளே அப்புகிறது. அக்களிமண்ணில் மின்மினிப் பூச்சியைப் பதித்து விளக்கேற்றுவதாக நம் பாட்டிமார் சொன்ன கதைக்குச் சான்று இல்லை. காற்றில் கூடு நிலைகுலையாதிருக்கவே அந்தக் களிமண் என்பது அறிஞர் சிலரின் கருத்து.

கூடு அமைந்த இடமும் வியப்புக்குரியது. உயர்ந்த பனையின் ஓலை நுனி, முட்செறிந்த மரக்கிளை, பாழுங்கிணற்றின் நீருக்கு மேல் தொங்கும் கொம்பு ஆகியவை அது விரும்பும் இடங்கள். பாம்பும் பிற பகையும் எளிதில் அணுக முடியாத இடங்கள் இவை. பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் புறத்தையே நாடுகிறது; தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்திலிருந்து தப்பவே அவ்வாறு செய்வதாகக் கருதப்படுகிறது. மழை பெய்து புல்லும் பயிரும் ஓங்கும் காலமே அதன் இனப்பெருக்கக் காலம். அப்போது கூட்டுக்கு நாரும் கிடைக்கிறது, குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளும் கிடைக்கின்றன. சூழலுக்கேற்ப உயிர்கள் வாழும் முறையென விலங்கியலார் கூறுவது இதுவே.

இத்தகைய ஆராய்ச்சி நம் முன்னோர்க்குப் புதிதன்று. பஸ்ரா நகரத்து அல்ஜாஹிழ், ஒன்பதாம் நூற்றாண்டிலேயே 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலை இயற்றினார். வாழும் இடத்தின் தன்மை உயிர்களிடம் ஏற்படுத்தும் மாற்றங்களை அவர் அதில் ஆராய்ந்துள்ளார். இறகுகளால் பறக்கும் பறவைகளும் மனிதர்களைப் போன்ற சமுதாயங்களே எனத் திருமறை (6:38) அறிவிக்கும்போது, அச்சமுதாயங்களின் நடைமுறையை அறிய முற்படுவது நமக்குப் புறம்பான கல்வியாகுமா?

நம் வட்டாரமும் ஆராய்ச்சியாளர் கண்ணுக்குத் தப்பவில்லை. திண்டிவனத்து வயல்வெளிகளில் தூக்கணாங்குருவி கூடு கட்டும் முறையைப் பற்றிய கட்டுரை ஒன்று, அண்மை ஆண்டுகளில் ஆய்விதழில் வெளிவந்திருக்கிறது. வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவேலி ஈரநிலம் 2021-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கடல் கடந்து வரும் விருந்தினருக்கு அது புகலிடம். ஆனால் தூக்கணாங்குருவி பெரிதும் நம்பியிருப்பது சரணாலயத்தையன்று. நம் வரப்பில் நிற்கும் பனையும், நம் கிணற்றோரத்து முள்மரமும், நம் வயலின் பயிருமே அதன் உலகம்.

அந்தப் பனைகள் செங்கற் சூளைக்கும் வீட்டுமனைக்கும் பலியாகி வருவதை விழுப்புரம் மாவட்டத்தில் பயணம் செய்வோர் அறிவர். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமெனத் தமிழக அரசு 2021-இல் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. ஆயினும் தன் நிலத்து மரத்தைக் காக்கும் எண்ணம் உரிமையாளரின் உள்ளத்தில் எழாவிடில், அறிவிப்பு மட்டும் என்ன செய்யும்?

"அவை எங்கள் கம்பையும் நெல்லையும் தின்கின்றனவே!" என்று உழவர்கள் குறைகூறுவது உண்மைதான். அவை தானியம் தின்னும் பறவைகளே. ஆனால் குஞ்சுகளை வளர்க்கும் நாட்களில் பயிரிலுள்ள பூச்சிகளையும் அவை பிடித்துச் செல்கின்றன. அன்றியும், ஒருவர் பயிரிட்டதில் பறவை உண்டால் அதுவும் அவருக்குத் தர்மமாகும் என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருப்பதை நாம் மறக்கலாகாது.

பயணமொன்றில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை பரிதவித்துச் சிறகடித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பி ஒப்படைக்குமாறு பணித்தார்கள். அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியை அந்த இளைஞருக்கு எடுத்துரைத்தோம். "நான் குஞ்சை எடுக்கவில்லையே, ஹஜ்ரத்" என்றார். "குஞ்சு பிறக்கவிருந்த வீட்டை எடுத்துவிட்டீர்கள், தம்பி" என்றோம்.

"பருவம் முடிந்து பழுத்துக் காய்ந்த கூடானால் எடுக்கலாமா?" என்று மீண்டும் கேட்டார். அப்பழங்கூட்டிலும் தினைக்குருவி போன்ற சிற்றினங்கள் குடியேறி முட்டையிடுவதுண்டு. நாம் 'வெறுமை' என்றழைப்பது பிற உயிர்க்கு அடைக்கலம் என்று அவருக்கு விளக்கினோம்.

அவர் தலைகுனிந்து சற்று நேரம் நின்றார். பிய்த்த கூட்டை மீண்டும் ஓலையில் பொருத்த மனிதக் கையால் இயலாது. "இதற்கு நான் என்ன ஈடு செய்வது?" என்று கேட்டார். "உம் வயல் வரப்பில் பனங்கொட்டைகளை ஊன்றுவீராக. இருக்கும் பனைகளை வெட்டாதிருப்பீராக" என்றோம். மறுவாரம் அவர் ஒரு சாக்குப் பையில் பனங்கொட்டைகளைச் சுமந்து சென்றதைக் கண்டோம். அவருடைய சிறு மகனும் உடன் சென்றான்.

தாய்மார்களே, பெரியோர்களே! உங்கள் பிள்ளைகளை ஒரு மாலைப் பொழுதில் அருகிலுள்ள பனந்தோப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். கூட்டைத் தொடாமல், தொலைவில் நின்று பார்க்கக் கற்றுக் கொடுங்கள். பார்த்து அறிந்தவனுக்கே இரக்கம் சுரக்கும். அத்தகைய அறிவையும் இரக்கத்தையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.