மண்ணும் தாரும் – 14: இரண்டு புள்ளி வித்தியாசம்

நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் சக்தி பாயும் ஆடி குவாட்ரோ வந்ததும், பின்சக்கர இழுவைக் கார்களின் கதை முடிந்தது என்று பலரும் பேசத் தொடங்கியதைச் சென்ற வாரம் பார்த்தோம். 1982-ல் உலக ராலி சாம்பியன்ஷிப்பின் தயாரிப்பாளர் பட்டமும் ஆடிக்கே போனது. அடுத்த ஆண்டே அந்தப் பேச்சைப் பொய்யாக்கியது இத்தாலியின் லான்சியா அணி.

அணியின் தலைவர் சேசரே ஃபியோரியோ. கையிலிருந்த கார் லான்சியா 037, பின்சக்கர இழுவைதான். அன்றைய டர்போ கார்களில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் வேகம் பிடிக்கச் சற்று நேரமாகும். 037-ல் இருந்தது சூப்பர்சார்ஜர். மிதித்த நொடியே கார் சீறும். எடையும் ஒரு டன்னுக்குக் குறைவு. சர்வீஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் மெக்கானிக்குகள் பின்பக்க மூடியை முழுசாகத் தூக்கி ஓரமாக வைப்பார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும். நொடிகளில் வெற்றி நழுவும் பந்தயத்தில் இது சாதாரண வசதி அல்ல.

ஜனவரியில் மான்டே கார்லோ. அந்த ஆண்டு மலைப்பாதைகளில் பனி குறைவு. லான்சியாவின் வால்டர் ரோல் முதலிடம், அதே அணியின் மார்க்கு ஆலன் இரண்டாமிடம். அடுத்து ஸ்வீடன். பாதை நெடுகப் பனி. பின்சக்கர இழுவைக்கு அங்கே வேலையில்லை. லான்சியா போகவே இல்லை, ஹன்னு மிக்கோலா ஆடிக்காக வென்றார். போர்ச்சுகலும் அவருக்கே. ஆனால் கோர்சிகாவின் தார்ச்சாலை வளைவுகளில் முதல் நான்கு இடங்களையும் லான்சியா அள்ளிக்கொண்டது.

எனக்கு வியப்பூட்டுவது கிரீஸ்தான். கல்லும் புழுதியுமான அக்ரோபொலிஸ் பாதை, குவாட்ரோவுக்கென்றே அமைந்தது போன்றது. அங்கேயும் ரோல் முதலிடம், ஆலன் இரண்டாமிடம். நியூசிலாந்திலும் ரோலுக்கே வெற்றி. அர்ஜென்டினாவையும் பின்லாந்தையும் மிக்கோலா வென்றார். பின்லாந்துக்கு ரோல் போகவில்லை. ஏற்கெனவே இருமுறை உலக சாம்பியனான அவருக்கு மூன்றாவது பட்டத்தைத் துரத்தும் ஆசை இல்லை. ஓட்டுநர் பட்டம் மிக்கோலாவுக்குப் போனது.

தயாரிப்பாளர் பட்டம் அக்டோபரில், சொந்த மண்ணான சான்ரெமோவில் முடிவானது. ஆலன், ரோல், அட்டிலியோ பெட்டேகா என்று முதல் மூன்று இடங்களும் லான்சியாவுக்கே. இன்னும் இரண்டு சுற்றுகள் மீதமிருக்கும்போதே பட்டம் கைக்கு வந்துவிட்டது. ஆண்டு முடிவில் லான்சியா 118 புள்ளிகள், ஆடி 116.

பின்சக்கர இழுவைக் கார் ஒன்று தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது அதுவே கடைசி. தொழில்நுட்பத்தில் முந்தி நின்றது ஆடிதான், சந்தேகமில்லை. எங்கே மோத வேண்டும், எங்கே ஒதுங்க வேண்டும் என்று தன் பலவீனத்தை ஒளிக்காமல் கணக்குப் போட்டது லான்சியா. கருவியை விடத் திட்டம் பெரிது என்று நான் உறுதியாக நம்புவதற்கு இந்த ஒரு ஆண்டு போதும்.

ஆனால் வேகத்துக்கு விலையும் இருந்தது. இதே பெட்டேகா, இதே 037, இதே கோர்சிகா: 1985 மே மாதத்தில் நடந்ததை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)