செவில்லாவின் சிறுதட்டு விருந்து

தாப்பா என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு ‘மூடி’ என்பது நேர்ப்பொருள். ஈயும் தூசியும் விழாதிருக்க மதுக்கோப்பையின் வாயை ரொட்டித்துண்டாலோ இறைச்சிச் சீவலாலோ மூடிவைத்த வழக்கத்திலிருந்து இப்பெயர் வந்தது என்பர். மன்னர்களைத் தொடர்புபடுத்திக் கூறப்படும் கதைகளைவிட இவ்வெளிய விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகிறது. இன்று அச்சொல் மதுவுடன் உண்ணும் சிறுதட்டு உணவைக் குறிக்கிறது. அதன் பன்மை தாப்பாஸ். ஒரே கடையில் அமர்ந்து வயிறு நிறைய உண்ணாமல், நின்றபடியே ஒன்றிரண்டு தட்டுகளை முடித்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்து செல்லும் முறைக்குத் தாபெயோ என்று பெயர்.

இம்முறைக்கு ஏற்ற இடம் தென் ஸ்பெயினின் அந்தலூசியப் பகுதியிலுள்ள செவில்லா நகரின் பழைய குடியிருப்பாகும். கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் அந்நகரில், வெயில் தரையைத் தொடாதபடி சந்துகள் மிகக் குறுகலாக அமைந்துள்ளன. அவற்றுள் சாந்தா குரூஸ் பகுதி, 1248இல் மூன்றாம் பெர்னாந்தோ முஸ்லிம் ஆட்சியாளரிடமிருந்து நகரைக் கைப்பற்றிய பின், யூதர்கள் வாழ்ந்த குடியிருப்பின் ஒரு பகுதியாக இருந்தது. 1391இல் அவர்கள்மீது நடந்த கொடிய தாக்குதலில் பலர் கொல்லப்பட்டனர். தொழுகைக்கூடங்கள் தேவாலயங்களாக மாற்றப்பட்டன.

இவ்வரலாறு உணவுக்கூடத்தின் உள்ளேயும் தொடர்கிறது. சாந்தா கத்தலினா தேவாலயத்திற்கு அருகே 1670 முதல் இயங்கிவரும் எல் ரின்கோன்சில்லோ அதற்குச் சிறந்த சான்று. அங்கே சுவர்களில் வண்ண ஓடுகள் பதிந்திருக்க, மேலே உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடைகள் வரிசையாகத் தொங்குகின்றன. உண்டவற்றின் விலையைப் பணியாளர் மரமேடையின்மீதே சுண்ணக்கட்டியால் எழுதிக் கூட்டிச் சொல்லி, பணம் பெற்றதும் துடைத்துவிடுகிறார். அவ்வோடுகளுக்கு வழங்கும் அசுலேகோ என்ற பெயர் அரபுமொழியிலிருந்து வந்தது. ஒலிவக்காய், பசலைக்கீரை ஆகியவற்றின் ஸ்பானியப் பெயர்களும் அவ்வாறே.

இக்கடையில் பெயர்பெற்ற தட்டுகளுள் ஒன்று, பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த கூட்டு. எண்ணெயில் பொரித்த ரொட்டியைப் பூண்டு, சீரகம், வினிகர் ஆகியவற்றோடு இடித்துச் சேர்ப்பதால் அது கெட்டியாகித் தனிமணம் பெறுகிறது. இறைச்சியே இல்லாத இக்கூட்டும் தலைக்குமேல் தொங்கும் பன்றித்தொடையும் ஒரே கூரையின்கீழ் இருப்பது இன்று இயல்பாகத் தெரிந்தாலும், மதம்மாறிய யூதர்களை வேவுபார்த்த சமய விசாரணை மன்றம் 1480களின் தொடக்கத்தில் தன் பணியைத் தொடங்கியது இதே நகரில்தான். பன்றி இறைச்சியைத் தவிர்ப்பதே குற்றத்திற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. ஆகவே இங்கு உண்பவர் சுவையோடு அந்நினைவையும் அறிந்துகொள்வது நல்லது.

மதுவில் ஃபினோவே இத்தட்டுகளுக்குப் பெரிதும் ஒத்துவருவது. ஹெரெஸ் வட்டாரத்தில் செய்யப்படும் இவ்வெண்திராட்சை மது, பீப்பாயினுள் தன் மேற்பரப்பில் ‘மலர்’ எனப்படும் நொதியாடை படர்ந்து காற்றைத் தடுப்பதால் வெளிறிய நிறத்தோடும் இனிப்பற்ற சுவையோடும் முதிர்கிறது. இதில் ஆல்ககால் ஏறத்தாழ 15 விழுக்காடு உண்டு. கிரனாதா நகரில் மது வாங்குவோருக்குத் தாப்பா இலவசமாக வருவது வழக்கம்; செவில்லாவில் ஒவ்வொரு தட்டுக்கும் விலையுண்டு. உள்ளூர் மக்கள் பெரும்பாலும் இரவு 9 மணிக்குப் பிறகே வருவர். அதற்குள் சந்துகளின் கற்களும் சற்றுக் குளிர்ந்திருக்கும்.