பாம்புக்கு 101, கடிபட்டவருக்கு 108

சேரன்மகாதேவியிலோ முக்கூடலிலோ வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டால் நம் கை முதலில் தேடுவது தீயணைப்பு நிலையத்தின் எண்ணைத்தான். கிணற்றில் மாடு விழுந்தாலும், படித்துறையில் குளிக்கப் போன பையன் சுழலில் மாட்டிக்கொண்டாலும் அவர்கள்தான் வருகிறார்கள். தீயை அணைப்பதற்கோ உயிரை மீட்பதற்கோ காசு கேட்பதில்லை. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் ஏறி, வண்ணார்பேட்டையிலும் கொக்கிரகுளத்திலும் வெள்ளம் நின்றபோது, சக்கர வண்டிகள் நுழைய முடியாத தெருக்களில் படகோடு இறங்கியவர்களில் அவர்களும் உண்டு. அந்த நம்பிக்கைக்கு அவர்கள் முழுத் தகுதி உடையவர்கள்.

ஆனால் அந்தச் சிவப்பு வண்டி நோயாளியை ஏற்றிச் செல்வதற்கானதல்ல. வீரர்கள் பாம்பைப் பிடித்துவிடுவார்கள். கடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக 108 வர வேண்டும். பதற்றத்தில் 101-ஐ மட்டும் அழைத்துவிட்டு, ‘எல்லாரும் வந்துவிடுவார்கள்’ என்று காத்திருக்கிற குடும்பம் பொன்னான நிமிடங்களை இழக்கிறது.

தமிழ்நாட்டில் தீயணைப்பு மீட்புப் பணிகள் துறை உள்துறையின் கீழ் இருக்கிறது. 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. அது மக்கள் நல்வாழ்வுத் துறையின் பொறுப்பு, வண்டிகளை ஓட்டுவது ஒப்பந்த நிறுவனம். இரண்டுக்கும் கட்டுப்பாட்டு அறைகள் வெவ்வேறு. உலகில் எல்லா இடத்திலும் இப்படி இல்லை. டோக்கியோவில் 119-ஐ அழைத்தால் தீயணைப்புத் துறையே ஆம்புலன்ஸையும் அனுப்புகிறது. ஜப்பானில் 1963 முதல் அது சட்டப்படி அந்தத் துறையின் கடமை, கட்டணம் கிடையாது. சிங்கப்பூரில் 995 அப்படித்தான். உண்மையான அவசரத்துக்கு இலவசம், அவசரமில்லாத பயணத்துக்குக் கட்டணம். செங்கோட்டை தாண்டினால் கேரளத்திலேயே தீயணைப்புத் துறையின் கையில் ஆம்புலன்ஸ்கள் இருக்கின்றன.

நம் நிலையங்களுக்கும் ஆம்புலன்ஸ் கொடுத்தால் என்ன? கொடுக்கலாம் என்பதே என் எண்ணம், குறிப்பாக ஆற்றோரத்திலும் மலையடிவாரத்திலும். ஆனால் வண்டியோடு பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரும் வர வேண்டும். அவசரத்துக்குக் கட்டணம் என்ற பேச்சே இருக்கக் கூடாது. அமெரிக்காவின் பல நகரங்களில் தீயணைப்புத் துறை ஆம்புலன்ஸ் ஓட்டி, பிறகு வீட்டுக்கு ரசீது அனுப்புகிறது. எதிர்பாராத மருத்துவக் கட்டணங்களைத் தடுக்க அங்கே 2022-இல் நடைமுறைக்கு வந்த சட்டம்கூடச் சாலை ஆம்புலன்ஸை விட்டுவிட்டது. செலவை நினைத்து, மார்வலியோடு வாடகைக் கார் தேடும் நிலை நம் ஊருக்கு வரக் கூடாது.

அந்த ஏற்பாடு வரும்வரை இரண்டு துறைகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நாம்தான் அடைக்க வேண்டும். ஆற்றில் ஆள் முங்கிவிட்டால் ஒருவர் 101-ஐ அழைக்கட்டும். அதே நேரம் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். ஆளை வெளியே எடுத்த பிறகு அழைத்தால் தாமதம். ஒரே ஒரு போன்தான் இருக்கிறதென்றால் 112 பொது எண். அதில் மீட்பும் வேண்டும், ஆம்புலன்ஸும் வேண்டும் என்று இரண்டையும் தெளிவாகச் சொல்லுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்தப் படித்துறை, பக்கத்தில் எந்தக் கோயில், வண்டி எந்தப் பாதையில் உள்ளே வர முடியும் என்பதைச் சொல்லி, பிரதான சாலையில் ஒருவரை நிறுத்துங்கள். நம் பக்கத்துப் படித்துறைகள் பலவற்றுக்கு வாழைத்தோட்டத்துக்குள் வளைந்துபோகிற பாதைதான்.

மூச்சு நின்றால் நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். ஆகவே கரையில் நிற்பவர் செய்வதுதான் முதல் சிகிச்சை. தண்ணீரைக் கக்க வைக்கிறேன் என்று வயிற்றை அமுக்குவதையும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதையும் விட்டுவிடுங்கள். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பின் நடுவில் வேகமாக அழுத்திக்கொண்டே இருங்கள். 108 அழைப்பைத் துண்டிக்காதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்று எதிர்முனையில் கேட்டுச் செய்யலாம். பாம்பு கடித்தவரை நடக்க விடாதீர்கள். கடிவாயைக் கீறுவதும், இறுக்கிக் கட்டுவதும், பச்சிலைக்கு அலைவதும் ஆபத்து. மோதிரம், வளையலைக் கழற்றி, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

ஆம்புலன்ஸ் வசதி என்பது அரசு இரங்கிக் கொடுக்கும் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை மேற்கு வங்க அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பிய வழக்கில், 1996 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவசரச் சிகிச்சை மறுக்கப்படுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவதாகும், நிதி இல்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றது. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல, கருவிகளும் பணியாளர்களும் உள்ள ஆம்புலன்ஸ் இருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. தனியார் மருத்துவமனையும் விலக்கல்ல. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு முதலுதவி தராமல் ‘போலீஸ் கேஸ், முன்பணம்’ என்று பேச முடியாது; 1989-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

சாலை விபத்து என்றால் மேலும் பாதுகாப்பு உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் தருகிறது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று கேட்பதில்லை. கொண்டுசேர்த்தவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது. பெயர், முகவரி சொல்லச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆம்புலன்ஸுக்கோ தீயணைப்பு வண்டிக்கோ வழிவிடாதவருக்கு 194இ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம்.

பணம் பறிபோவது பெரும்பாலும் தனியார் வண்டிகளில்தான். மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்த இரவில், குடும்பம் குழம்பி நிற்கும்போது விலை பேசப்படுகிறது. முதலில் 108-இல் கேளுங்கள். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் அது பயன்படும். தனியார்தான் என்றால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஆக்சிஜன் இருக்கிறதா, கூட வருபவர் பயிற்சி பெற்றவரா என்று ஏறும் முன்பே கேட்டு, ரசீது வாங்குங்கள். வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீல விளக்கும் சைரனும் பொருத்தியதால் மட்டும் ஒரு வேன் ஆம்புலன்ஸ் ஆகிவிடாது. இறந்தவரின் உடலை அரசு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி உண்டு. இது தெரியாமல் கடன் வாங்கி வண்டி பிடிக்கிற ஏழைக் குடும்பங்களை நினைத்தால் மனம் ஆறவில்லை.

தவறு நடந்துவிட்டால் போனில் உள்ள அழைப்புப் பதிவை அழித்துவிடாதீர்கள். எத்தனை மணிக்கு அழைத்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. 108 தாமதம், மருத்துவமனை மறுப்பு போன்ற புகார்களை 104-இலும் முதலமைச்சரின் 1100-இலும் சொல்லலாம். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வண்டி புறப்பட்ட நேரம், வந்த நேரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் சுகாதாரத் துறையிடம் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். காசு வாங்கிய தனியார் வண்டி ஏமாற்றியிருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் சேவையில் அந்த வழி எளிதில் திறக்காது. 15100-ஐ அழைத்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச ஆலோசனை கிடைக்கும்.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்திலும் காரையாரிலும் கூட்டம் திரளும். அதற்கு முன்பே ஆற்றோர ஊராட்சிகள் கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டு, ஆபத்தான படித்துறைகளின் பட்டியலோடு ஆட்சியருக்கும் மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கும் அனுப்பலாம். மீட்புக் குழு நிற்கிற இடத்திலேயே ஒரு 108 வண்டியும் நிற்க வேண்டும், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி தீயணைப்பு நிலையங்களுக்குத் தனி ஆம்புலன்ஸ் வேண்டும் என்று அதில் எழுதுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும் நாட்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான்.