வீடு கிடைத்தது, வண்டிக்கு இடம் எங்கே?

கண்டியிலே வாடகைக்கு வீடு தேடுவோர் மூன்று கேள்விகளைத் தவறாது கேட்பர். வாடகை எவ்வளவு? தண்ணீர் ஒழுங்காக வருமா? வண்டி நிறுத்த இடமுண்டா? மூன்றாவது கேள்விக்கு "உண்டு" என்ற விடை கிடைத்ததும் மனநிறைவோடு முற்பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை நாம் அறிந்துகொண்டது ஓர் இரவிலேதான்.

அம்பிட்டியப் பக்கத்துச் சரிவொன்றிலே மூன்று தளங்கள் கொண்ட தொடர்மாடி அது; நடுத்தளம் எமக்கு. வீட்டுக்காரர் இடத்தைக் காட்டியது காலை பத்து மணிக்கு. முற்றம் விசாலமாகத் தோன்றிற்று. மற்றக் குடித்தனக்காரர் இருவரும் வேலைக்குச் சென்றிருந்தனர் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. மாலையிலோ மூன்று வண்டிகளும் புகைவண்டிப் பெட்டிகள்போல ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முதலில் வந்தவர் கடைசியில்தான் வெளியேறலாம்.

ஒருநாள் நள்ளிரவில் எமது அன்னையாருக்கு மூச்சுத்திணறல் கண்டது. எமது வண்டி உட்பக்கத்தில் நின்றது. மேல்மாடிக்காரரை எழுப்பி, கீழ்மாடிக்காரரை எழுப்பி, இரு வண்டிகளையும் பின்னோக்கி வீதிக்கு ஏற்றிய பின்னரே மருத்துவமனைக்குப் புறப்பட முடிந்தது. இருபத்தைந்து நிமிடங்கள் சென்றன. அன்னையார் தேறிவிட்டார்; அயலவரும் முகஞ்சுளியாது உதவினர். ஆயினும் அந்த இருபத்தைந்து நிமிடங்களை நாம் மறக்கவில்லை.

மறுநாள் வீட்டுக்காரரிடம் முறையிட்டோம். "இடம் உண்டென்றுதானே சொன்னேன் மாஸ்டர், தனி இடமென்று சொல்லவில்லையே" என்றார். உடன்படிக்கையை எடுத்துப் பார்த்தோம். அறைகள், நீர்மானி, மின்மானி யாவும் அதிலிருந்தன. வண்டியைப்பற்றி ஒரு சொல்லேனும் இல்லை. அவரை நோவதில் என்ன பயன்?

கண்டியின் நில அமைப்பை நோக்கினால் இந்தத் தட்டுப்பாட்டின் காரணம் விளங்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்திலே குன்றுகள் சூழக் கிடக்கும் நகர் இது. நடுவே ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அமைக்கத் தொடங்கிய ஏரி. அதன் அருகே தலதா மாளிகை. அப்பால் நெருக்கமான சில வீதிகள். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்த இந்நகரின் மையத்தை விருப்பம்போல் இடித்து அகலமாக்கல் இயலாது. ஆதலின் அஸ்கிரிய, ஆனிவத்தை, ஹந்தானை என வீடுகள் மேடுகளை நாடின. ஒரு கார் நிற்பதற்கு 2.4 மீட்டர் அகலமும் 4.8 மீட்டர் நீளமும் போதும். சமதரையிலே அது அற்பநிலம். சரிவிலோ அதற்காக மலையையே வெட்டவேண்டும். எசல பெரஹரா நாட்களில் வீதிகள் மூடப்படும்போது வண்டியை எங்கே விடுவது என்பது வேறு கதை.

ஜப்பானியர் இதனை 1962இலேயே உணர்ந்து சட்டம் இயற்றினர். வண்டியை நிறுத்த இடமுண்டென்று சான்று காட்டினாலன்றி அங்கே கார் பதிவு செய்ய முடியாது. நம் நாட்டிலோ முதலில் காரை வாங்கிவிட்டுப் பிறகு இடத்தைத் தேடுகிறோம்!

எனினும் நம் சட்டமும் கைகொடுக்காமலில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படல் வேண்டும். எப்படியும் எழுதத்தானே போகிறோம், வண்டியின் இடத்தையும் சேர்த்து எழுதினாலென்ன? மாடிவீடு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்கீழ்ப் பதிவானதாயின் அதன் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, நமக்குக் காட்டிய இடம் அவ்வீட்டுக்குரியதா, அனைவர்க்கும் பொதுவானதா எனப் பார்த்தல் நலம்.

வண்டி நிற்கும் இடத்தை நோக்குமுன் அதன் பின்னே நிற்கும் மண்மேட்டையும் நோக்கவேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயலின்போது கண்டி மாவட்டத்திலே மண்சரிவுகள் எத்தனை குடும்பங்களைக் காவுகொண்டன என்பதை நாம் அறிவோம். செங்குத்தாக வெட்டிய மேட்டைத் தாங்கும் மதிலிலே நீர் வெளியேறத் துளைகள் இருத்தல் அவசியம். அவையின்றேல் மழைநீர் பின்னே தேங்கி மதிலையே தள்ளிவிடும். மதிலிலே வெடிப்பும் வயிற்றுப் புடைப்பும் தெரியுமாயின் வாடகை எவ்வளவு குறைவாயினும் திரும்பிவிடவேண்டியதுதான். ஐயமிருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்கள் உதவும்.

இம்முறை நாம் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலே வீடு பார்க்கச் சென்றது மாலை ஏழு மணிக்கு, அதுவும் நல்ல மழைக்குப் பிறகு. "வாயிலின் இடப்பக்கத்து இடம், எந்நேரமும் தடையின்றி வெளியேறும் உரிமையுடன்" என்று உடன்படிக்கையில் எழுதச் சொன்னபோது நொத்தாரிசு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எம்மைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் எழுதினார். வாடகை சற்றே கூடுதல்தான். குடிபுகுந்த அன்று அன்னையார் முதலிற் பார்த்தது சமையலறையை அன்று. வண்டி நிற்கும் இடத்தை.