முக்கால் பங்கு யாருடையது?

கல்லூரி ஆசிரியரின் கடமை, மாணவரின் கடமை என்று பேச்செடுத்தாலே ஒரு பக்கம் அர்ப்பணிப்பு, மறுபக்கம் பணிவு என்று பிரித்துக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுகிறோம். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இவ்வளவு சுலபமாக விடவில்லை. ஆசிரியராகத் தகாதவர் யார், மாணவராகத் தகாதவர் யார் என்று கறாராகச் சொல்லும் அதன் பொதுப்பாயிரம், பாடம் கேட்பதற்கும் ஒரு கணக்குப் போடுகிறது. ஆசிரியர் சொன்னதைச் செம்மையாக வாங்கிக்கொண்டாலும் கல்வியில் கால் பங்குதான் தேறும். உடன் படிப்பவர்களோடு பயில்வதில் இன்னொரு கால் வரும். மிச்சமுள்ள அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் கைவசமாகும். ஆக, முக்கால் பங்கு மாணவர் பொறுப்பு. ஆனால் அந்த முக்காலுக்கு வகுப்பில் இடம் விடுவது ஆசிரியர் பொறுப்பு. ஒருவர் செய்யாவிட்டால் மற்றவரால் செய்யவே முடியாது என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

நமது கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் ஆசிரியர் சொல்லும் அந்தக் கால் பங்கே மொத்த நேரத்தையும் தின்றுவிடுகிறது. செமஸ்டருக்குள் ஐந்து யூனிட்டையும் முடித்தாக வேண்டும். ஆசிரியர் நோட்ஸ் சொல்லச் சொல்ல முன் பெஞ்சு எழுதுகிறது. கடைசி பெஞ்சு அதைப் பிறகு செல்போனில் படம் எடுத்துக்கொள்ளும். 75 சதவீத வருகைப்பதிவுக்காகப் பலர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் எழுதிய அசைன்மென்ட் வகுப்பு முழுக்கச் சுற்றி, முகப்பில் பெயர் மட்டும் மாறி மேசைக்கு வருகிறது. ஆசிரியரும் புரட்டிக்கூடப் பார்க்காமல் டிக் அடித்து, இன்டர்னல் 25க்கு இருபதைத் தாண்டிப் போட்டுவிடுகிறார். யாருக்கும் தொந்தரவு இல்லை. இது நம்மூர் வியாதி மட்டுமல்ல. என்னை நீ விட்டுவிடு, உன்னை நான் விட்டுவிடுகிறேன் என்ற இந்தச் சொல்லாத ஒப்பந்தத்தை அமெரிக்கக் கல்லூரிகளிலும் கண்டு எழுதியிருக்கிறார் ஜார்ஜ் கூ என்ற கல்வி ஆய்வாளர்.

இந்த ஒப்பந்தத்தின் விலை என்ன? அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஒரு கட்டுரை வெளியானது. ஆசிரியர் மட்டுமே பேசிய வகுப்புகளில் தோல்வி விகிதம் சுமார் 34 சதவீதம்; மாணவர்களும் பேசி, விவாதித்து, கணக்குப் போட்ட வகுப்புகளில் சுமார் 22. ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. இப்படிப் பேசி, விவாதித்துப் பயின்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள். ஆனால், தாங்கள் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். மூளையைக் கசக்கியது அவர்களுக்குப் புரியாததுபோல் தோன்றியிருக்கிறது. கேள்வி கேட்கும் ஆசிரியரை ‘நடத்தத் தெரியாதவர்’ என்று கருத்துப் படிவத்தில் எழுதும் மாணவர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்வதும் மாணவரின் கடமைதான். பணிவைவிடப் பெரிய கடமை என்றே சொல்வேன்.

அறுபது பேர் வகுப்பில் விவாதம் எப்படி என்று கேட்பார்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் இந்த முறையைத் தொடங்கியதே பெரிய வகுப்புகளில்தான். ஒரு கேள்வியைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்துக்குப் பயந்து வாய் திறப்பதில்லை என்பது உண்மை. தமிழிலேயே பேசட்டும், புரிந்த பிறகு எந்த மொழியிலும் எழுதலாம். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு வரும் மாணவரையும், குறைந்த ஊதியத்தில் பணி நிரந்தரமின்றி ஓடும் கௌரவ விரிவுரையாளரையும் காட்டி எழும் ஆட்சேபம்தான் கனமானது. அதற்கான பதில் வகுப்பறையில் இல்லை, அரசிடம் இருக்கிறது. ஆனால் நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு அந்தச் சாக்கு இல்லை. யுஜிசியின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியரின் பணி வாரம் 40 மணி நேரம். அதில் நேரடி வகுப்பு 16 மணி நேரம். அலுவலக வேலைகள் போக, நாலு அசைன்மென்ட்டை உட்கார்ந்து படிக்க நேரம் இருக்கத்தான் செய்கிறது.

முதலில் மாற வேண்டியவர் ஆசிரியர்தான், ஏனென்றால் மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது. இன்டர்னல் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை, எழுதியதை வகுப்பின் முன் நின்று விளக்குபவருக்கென்று அவர் ஒதுக்கினால் போதும், காப்பியடித்த அசைன்மென்ட் அங்கே உதவாது. அதைச் செய்யாமல், பார்த்து எழுதுகிறார்கள் என்று மாணவர்களைக் குறை சொல்ல அவருக்கு உரிமை இல்லை.