தலைக்கு ஒரு விலை
கொச்சியில் பிராட்வே என்றால் துணியும் மசாலாவும் விற்கும் நெரிசலான கடைத்தெரு. போக்கர் ஆடுகிறவர்களுக்கோ அது பத்து முதல் ஏஸ் வரை வரிசையாகச் சேரும் ஐந்து சீட்டு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தத் தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் கேரள உயர் நீதிமன்றம், 2021 செப்டம்பரில் சீட்டாட்டக்காரர்களை மகிழ வைத்தது: பணம் கட்டி ஆடினாலும் ஆன்லைன் ரம்மி திறமை விளையாட்டே, மாநில அரசின் தடை செல்லாது. ரம்மியை 1967லேயே திறமையின் பக்கம் சேர்த்திருந்தது உச்ச நீதிமன்றம். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரையும் அதே பக்கம் வைத்தது.

அப்படியென்ன திறமை? 'பவுண்டி' போட்டியைப் பாருங்கள். ஒருவரை வெளியேற்றினால் அவர் தலைக்கு வைத்த பரிசு உங்களுக்கு. மேஜையில் நாலைந்து பேரே இருந்தால் கட்டாயப் பந்தயம் சீக்கிரமே சுற்றி வரும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் சில்லு கரையும்.

மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். 'ஸ்மால் பிளைண்ட்' ஆக நீங்கள் 500, எதிரே 'பிக் பிளைண்ட்' 1,000 கட்டியாயிற்று. அதையும் சேர்த்து உங்களிடம் 8,000. அவரிடம் அதைவிட அதிகம். அத்தனையையும் தள்ளி 'ஆல்-இன்' என்கிறீர்கள். அவர் இன்னும் 7,000 போட்டால் நடுவில் 16,000 சேரும். நூற்றுக்கு 44 முறை ஜெயித்தால் அவருக்கு நஷ்டமில்லை. உங்கள் தலையின் விலை 4,000 சில்லுக்குச் சமம் என்றால் 35 முறையே போதும். சுமாரான சீட்டோடும் துணிந்துவிடுவார். உங்கள் மிரட்டல் பலிக்காது. சில்லு குறைவாக இருப்பதால் அவர் தலையும் உங்களுக்குக் கிடைக்காது. எனவே மோசமான சீட்டை வைத்துக்கொண்டு தள்ளாமல் இருப்பதே கணக்கு.

இது திறமைதான், சந்தேகமில்லை. ஆனால் சரியாகக் கணக்குப் போட்டவரும் அந்த ஓர் ஆட்டத்தில் தோற்கலாம். திறமை தலைகாட்ட ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் வேண்டும். அதுவரை தாக்குப்பிடிக்கப் பணம் வேண்டும். கடன் வாங்கி ஆடுகிறவரிடம் இல்லாதது அதுதான். நீதிமன்றங்கள் பார்த்தது ஆட்டத்தின் தன்மையை. ஆடுகிறவரின் பையை அல்ல.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்த வாதத்தையே ஒதுக்கித் தள்ளியது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டம் கூடாது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. தோற்ற பணமே போதும் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.