குதிரையில் இருந்து விழுந்தால் வாய் பேசாது... கையில் கட்டிய பட்டை பேசும்!

சென்னை:-

மெரினா மணலில் சாயங்காலம் ஆனால் போதும், சவாரிக் குதிரைகள் வந்து நின்றுவிடும். குழந்தையைத் தூக்கி மேலே உட்கார வைத்து, செல்போனில் நாலு படம் எடுத்து, ஒரு ரவுண்டு போய் வந்தால் அதோடு சரி. ஊட்டி ஏரிக்கரையிலும் கொடைக்கானலிலும் இதே காட்சிதான்.

ஆனால் குதிரையே பிழைப்பு என்று இருப்பவர்களின் கதை வேறு. லாயத்தில் வேலை பார்க்கும் பையன்கள், விடியற்காலையில் குதிரையை ஓட்டிப் பழக்குகிறவர்கள், வாடகைக் குதிரைக்காரர்கள் எல்லோரும் தினம் தினம் ஏறி இறங்குகிறவர்கள். சம்பளத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து சவாரி பழகப் போகும் வாலிபர்களும் இப்போது இருக்கிறார்கள். தலைக்கு ஹெல்மெட் வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியும். போடுகிறார்களா என்பது வேறு விஷயம்.

இன்னொன்று இருக்கிறது. அதை யாரும் கண்டுகொள்வதே இல்லை. விழுந்த ஆள் மயங்கிவிட்டால், அவருக்கு என்ன வியாதி, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்து ஆகாது என்று டாக்டரிடம் சொல்லப்போவது யார்?

அதற்காகத்தான் கையில் கட்டும் மருத்துவ அடையாளப் பட்டை. இதுபற்றிய விவரம் வருமாறு:-

பைக் மாதிரி கிடையாது

பைக்கில் போய் விழுந்தால் பைக் அங்கேயே கிடக்கும். நம்பர் பிளேட் இருக்கும், பெட்டியில் ஆர்.சி. புத்தகம் இருக்கும். குதிரை அப்படி நிற்குமா? ஆளைத் தள்ளிவிட்டு மிரண்டு ஓடும். சேணத்தில் மாட்டிய பையும், அதில் வைத்த செல்போனும் பர்சும் அதோடு போய்விடும்.

விழுகிற உயரமும் சாதாரணம் இல்லை. பெரிய குதிரையின் முதுகே 5 அடி இருக்கும். மேலே உட்கார்ந்தவரின் தலை தரையில் இருந்து சுமார் 8 அடி. மாடிப்படியில் பாதியில் இருந்து தலைகுப்புற விழுந்த மாதிரி. குதிரையின் எடையோ 400, 500 கிலோ. ஒரு பிளாஸ்டிக் கவர் காற்றில் பறந்தால் போதும், சாதுவான குதிரைகூட துள்ளிவிடும்.

'சூப்பர்மேன்' படத்தில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ஒரு குதிரைப் போட்டியில் விழுந்தார். தடையைத் தாண்ட வேண்டிய குதிரை சட்டென்று நின்றுவிட்டது. கழுத்து எலும்பு முறிந்து, 2004-ல் சாகும்வரை சக்கர நாற்காலியில்தான் இருந்தார். ஓட்டத் தெரியாதவர் இல்லை அவர், ஹெல்மெட்டும் போட்டிருந்தார்.

'தண்ணி போட்டிருக்கான்' என்பார்கள்

ஒரு லாயத்துத் தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். வயது 45. சுகருக்கு இன்சுலின் போடுகிறார். காலை 5 மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் குதிரை ஏறுகிறார். சுகர் இறங்குகிறது. கை நடுங்குகிறது, வேர்க்கிறது, பேச்சு குழறுகிறது. விழுந்துவிடுகிறார். கூடுகிற கூட்டம் என்ன சொல்லும்? ''காலங்காத்தால தண்ணி போட்டுட்டு குதிரை ஓட்டுறான் பாரு'' என்றுதான் சொல்லும்.

108 ஆம்புலன்ஸ் வந்துவிட்டால் விரலில் குத்தி சுகர் பார்த்துவிடலாம், சரி. வரும்வரை? கையில் 'சுகர் - இன்சுலின்' என்று எழுதியிருந்தால் சுற்றி நிற்பவர்கள் பேச்சும் மாறும், அவசரமும் புரியும். (அதற்காக மயங்கிக் கிடப்பவர் வாயில் சர்க்கரையோ சோடாவோ ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலில் போய்விடும்.)

இதைவிட ஆபத்தான சங்கதி ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை. அரசு காப்பீட்டுத் திட்டத்தில் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு மறுபடி வேலைக்குப் போகிறவர்கள் இன்று எத்தனையோ பேர். இவர்கள் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் மாத்திரைகளால் தலையில் அடிபட்டால் உள்ளே கசியும் ரத்தம் சீக்கிரம் நிற்காது. வெளியே ஒரு காயமும் தெரியாது. வார்ஃபரின் மாத்திரை என்றால் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் பிடிபட்டுவிடும். குளோபிடோகிரெல் அதில் பிடிபடாது, 'நார்மல்' என்றே வரும். யாராவது சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும்.

வலிப்புக்கு மாத்திரை, வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை, உடம்புக்குள் பேஸ்மேக்கர், பென்சிலின் அலர்ஜி இவையும் அப்படித்தான். ஸ்டீராய்டு பழகிய உடம்புக்கு, பெரிய அடிபட்ட நேரத்தில் அதை நிறுத்திவிட்டால் ரத்தக் கொதிப்பு படுத்துவிடும்.

குதிரை ரத்தத்தில் ஆரம்பித்த கதை

இந்தப் பட்டை எப்படி வந்தது என்பதிலும் ஒரு குதிரை இருக்கிறது. 1953-ம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டர்லாக் என்ற ஊரில் லிண்டா காலின்ஸ் என்ற சிறுமிக்கு விரலில் வெட்டுக்காயம். ஆஸ்பத்திரியில் டி.டி. ஊசி மாதிரியான ஒன்றைக் கொடுப்பதற்கு முன் டெஸ்ட்டுக்காகக் கொஞ்சம் மருந்து ஏற்றினார்கள். அந்தக் காலத்து டெட்டனஸ் சீரம் குதிரை ரத்தத்தில் இருந்து எடுப்பது. அந்த துளி மருந்தே அவளைச் சாவின் வாசல் வரை கொண்டுபோய்விட்டது. பிழைத்ததே பெரிய விஷயம்.

அவளுடைய அப்பா ஒரு டாக்டர். மகள் தனியாக வெளியே போகும்போது விவரம் எழுதிய சீட்டைக் கையில் கட்டி அனுப்பினார்கள். பிறகு வெள்ளியில் காப்பு செய்து, எந்த மருந்து ஆகாது என்று அதில் பொறித்துப் போட்டார்கள். 1956-ல் அதே பெற்றோர் தொடங்கியதுதான் 'மெடிக் அலர்ட்' அமைப்பு.

நம் ஊருக்கும் இதில் சம்பந்தம் உண்டு. பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்து இன்றைக்கும் குதிரை ரத்தத்தில் இருந்துதான் தயாராகிறது. அதற்கான விஷத்தை எடுத்துத் தருகிறவர்கள் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவு சங்கத்தினர். முன்பு ஒருமுறை அந்த ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியவர் என்றால், அதையும் பட்டையில் எழுத வேண்டும்.

போட்டிகளில் இது விதிமுறை

சர்வதேச குதிரையேற்ற சம்மேளனம் இதை விதியாகவே வைத்திருக்கிறது. சமீபத்தில் தலையில் அடிபட்டவர், பெரிய ஆபரேஷன் செய்தவர், சுகர் போன்ற நாள்பட்ட வியாதிக்காரர், நிரந்தரமாக மருந்து சாப்பிடுகிறவர், அலர்ஜி உள்ளவர் எல்லாம் குதிரை ஏறும்போது மருத்துவ விவரத்தை உடம்பில் அணிந்திருக்க வேண்டும். 2018 ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வாங்கிய பெங்களூரு வீரர் பவாத் மிர்சா ஆடுவதும் இந்த சம்மேளனத்தின் விதிகளில் நடக்கும் போட்டிகளில்தான்.

போட்டிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே டாக்டர், ஆம்புலன்ஸ் எல்லாம் நிற்கும். அவர்களுக்கே பட்டை வேண்டும் என்றால், பொட்டல் காட்டில் தனியாக குதிரை ஓட்டுகிறவருக்கு எவ்வளவு தேவை!

காசு செலவு இல்லை

ரெடிமேடு பட்டைதான் வாங்க வேண்டும் என்று இல்லை. ஒரு சின்ன அட்டையில் எழுதி, லேமினேஷன் செய்து, எலாஸ்டிக் துணியில் பை மாதிரி தைத்துப் புஜத்தில் மாட்டிக்கொள்ளலாம். பெயர் பொறிக்கும் கடையில் தகட்டில் பொறித்து மணிக்கட்டில் போட்டுக்கொண்டாலும் சரி. குதிரைக்காரர்கள் பலர் புஜத்தில் தாயத்து கட்டுகிறார்கள். அந்த இடமேதான் இதற்கும் தோது. ஆனால் பார்க்கிறவர் இதையும் தாயத்து என்று நினைத்துவிடக் கூடாது. மேலே 'மெடிக்கல்' என்று பெரிதாகத் தெரிய வேண்டும்.

கழுத்துச் செயின் வேண்டாம். கடிவாளத்திலோ மரக்கிளையிலோ மாட்டினால் அதுவே ஆபத்து. சட்டைப் பையும் சரிப்படாது, ஆஸ்பத்திரியில் சட்டையைக் கத்தரித்து ஓரமாகப் போட்டுவிடுவார்கள். ஹெல்மெட்டுக்குள் மட்டும் ஒட்டுவதும் போதாது. சேணத்தில் கட்டுவது கதைக்கே ஆகாது. சேணத்துக்கு வேறு சீட்டு உண்டு. லாயத்தின் போன் நம்பரை எழுதிக் கட்டிவிட்டால், ஆள் இல்லாமல் ஓடிவரும் குதிரையைப் பிடிப்பவர் தகவல் சொல்வார், தேடப் போகலாம்.

எழுத வேண்டியது இவ்வளவுதான்: பெயர், வயது, வியாதி, தினமும் சாப்பிடும் மாத்திரை, ஆகாத மருந்து, வீட்டில் இரண்டு பேரின் போன் நம்பர். மாத்திரைப் பெயரை அட்டையில் இருக்கிறபடி ஆங்கிலத்திலேயே பார்த்து எழுதுவது நல்லது. ஆதார் நம்பர் எல்லாம் தேவை இல்லை.

ரத்த வகை? எழுதலாம், ஆனால் அதை நம்பி யாரும் ரத்தம் ஏற்ற மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் மறுபடி டெஸ்ட் செய்தே ஏற்றுவார்கள். 'பாம்பே' வகை ரத்தக்காரர்கள் மட்டும் கட்டாயம் எழுத வேண்டும். 1952-ல் மும்பையில் கண்டுபிடிக்கப்பட்ட அபூர்வ வகை அது. சாதாரண டெஸ்டில் 'ஓ' மாதிரி காட்டும், 'ஓ' ரத்தம் ஏற்றினால் உயிருக்கே வினை.

செல்போனில் பூட்டைத் திறக்காமலே அவசர விவரம் காட்டும் வசதி இருக்கிறது. அதையும் நிரப்பி வைக்கலாம். ஆனால் விழுந்த வேகத்தில் போன் உடையும், தெறித்தும் போகும்.

வேலை போய்விடுமோ?

பட்டை கட்டத் தயங்குவதற்கு உண்மையான காரணம் காசு இல்லை, பயம். 'வலிப்பு இருக்குன்னு தெரிஞ்சா முதலாளி குதிரையைத் தருவாரா?' என்ற பயம். அது நியாயமான பயம்தான். வலிப்பு உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் குதிரை ஏறவே கூடாது என்பதும் நியாயம்தான். மற்ற வியாதிக்காரர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வெளியே 'மெடிக்கல்' என்ற ஒரு வார்த்தை மட்டும் தெரிகிற மாதிரியும், விவரச் சீட்டு மடித்து உள்ளே இருக்கிற மாதிரியும் தைத்துக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ்காரர் பிரித்துப் பார்ப்பார். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியது இல்லை. மாத்திரை மாறினால் அன்றைக்கே சீட்டையும் மாற்றிவிட வேண்டும். பழைய சீட்டு, சீட்டே இல்லாததைவிட மோசம்.

பள்ளிக்கூடத்தில் ஊட்டி, கொடைக்கானல் டூர் அனுப்பும் பெற்றோரும் இதைக் கவனிக்கலாம். ஒரு டீச்சர், நாற்பது பிள்ளைகள். எந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா, எதற்கு எந்த மருந்து ஆகாது என்பது அவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? பஸ் ஏறும்போதே பிள்ளையின் கையில் சீட்டைக் கட்டி, டீச்சரிடமும் ஒரு காப்பி கொடுத்துவிடலாம். ஏரிக்கரையில் இறங்கியதும் அந்தப் பிள்ளை முதலில் ஓடப்போவது குதிரையிடம்தான்.